அப்பாவுக்கு வருவதுதான் என்று சொல்லாதே

தோ பாயோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, பத்து நாளாக நெஞ்சுக்குழியில் எரிச்சலும் அழுத்தமும் வந்து வந்து போவதாகச் சொல்லிவிட்டு, "அப்பாவுக்கு வருவதுதான், வாய்வு" என்று நீயே அதற்குப் பெயரும் வைத்துச் சிரித்தாய். அதற்குள் அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சும் பக்குவத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டதால் எனக்குப் பேச வழியில்லாமல் போயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வருவதை இந்த வீட்டில் வாய்வு என்று சொல்கிறோம் என்றால், அது இதயத்தில் இல்லை என்று மருத்துவர்கள் பார்த்து உறுதிசெய்த பிறகு சொல்கிறோம். அந்த முதல் பாதி உனக்குத் தெரியாது, ஏனென்றால் 2011இல் நீ தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தாய். அப்போது நான் கடைசிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியைப் பணிமனையில் விட்டு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். புளோக்குக்குக் கீழே இருந்த கடையில் இரண்டு முட்டைப் பரோட்டா, ஆட்டுக்குழம்பு, கெட்டியாக ஒரு தே என்று முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து குளித்த கையோடு படுத்துவிடுவேன். அப்படிப் படுத்த ஓர் இரவில், இரண்டரை மணியளவில், நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்துவதுபோல வலி எடுத்தது. அம்மா கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேர்த்திருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்துவிட்டாள்.

மருத்துவமனையில் இதய மின்வரைபடம் எடுத்தார்கள்; ரத்தமும் எடுத்தார்கள்; சில மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் என்னும் புரதம் சில வேளைகளில் தாமதமாகத்தான் உயரும் என்பதால் ஒரு முறை பார்த்தது போதாதாம். இரண்டும் சரியாக இருந்த பிறகே அமிலம் எதுக்களிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் இறங்குகிறது என்றும், இரண்டின் வலியும் ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதையில் செல்வதால் எது எங்கிருந்து வருகிறது என்று மூளைக்கே பிடிபடாமல் போகலாம் என்றும் அந்த மருத்துவர் விளக்கினார். மூளைக்கே பிடிபடாததை மெல்பர்னில் சோபாவில் சாய்ந்துகொண்டு நீ எப்படித் தீர்மானித்தாய் என்பதுதான் என் கேள்வி. உனக்கு முப்பத்து மூன்று வயதுதான் என்று சொல்லாதே. நம் இந்தியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே வருகிறது, உன் தாத்தாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தது.

ஆகவே முதலில் மருத்துவரிடம் போ. படியேறும்போது வலி கூடினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வேர்த்து மூச்சு வாங்கினாலோ நாள் குறித்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே அங்குள்ள அவசர எண் 000ஐ அழை. விழுங்கும்போது உணவு தடைபட்டு நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுத்துப் போவது ஆகியவையும் ஒத்திப்போடக் கூடாதவை.

இதயம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றால், அதன் பிறகு என் அனுபவம் உனக்குப் பயன்படும். எனக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை கொடுத்தார்கள். அதைக் காலைப் பலகாரமெல்லாம் முடித்துக் கோப்பியோடு விழுங்கிவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று மூன்று மாதம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் பெண்தான், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் இடங்கள் உணவு வரும்போதுதான் விழித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் மருந்து அங்கே தயாராக இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும், அதனால் அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிட வேண்டும் என்றார். அதோடு, முட்டி வலிக்காக நானாகவே வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த ஐபுப்ரோஃபென்தான் வயிற்றை அரித்துக்கொண்டிருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. நீயும் ஓடிவிட்டு வந்து அதைத்தான் போடுகிறாய் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்.

தலையணைகளை அடுக்கிப் படுத்துப் பார்த்தேன். கழுத்து வலித்தது, வயிறு மடங்கி எரிச்சல் கூடியது. பிறகு பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு மரக்கட்டைகளை வாங்கிவந்து கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். முதல் வாரம் முழுவதும் அம்மா, கால்மாட்டுக்குச் சறுக்கிப் போவதாகச் சொல்லித் திட்டினாள். கட்டைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவுகிறது. அப்படிப் படுக்கும்போது இரைப்பை தாழ்ந்தும் உணவுக்குழாய் அதில் சேரும் இடம் உயர்ந்தும் இருப்பதால் அமிலம் எளிதில் ஏறுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் இரவுச் சாப்பாட்டில்தான் வந்தது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுகிறேன். பரோட்டாவை விடவில்லை, காலையில் சாப்பிடுகிறேன். எனக்கு ஆகாதது புளி தூக்கலான ரசமும் கோப்பியும். உனக்கு வேறு ஏதாவதாக இருக்கலாம். சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, வலி எப்போது வந்து எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கும் வேலை எளிது. புதினா மிட்டாய் சப்பினால் இதமாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையத்தைத் தளர்த்திவிடும், வேண்டாம்.

எந்தக் கிழமை மருத்துவரைப் பார்க்கிறாய் என்று அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பு. அடுத்த மாதம் அங்கு வரும் உன் சித்தப்பாவிடம் அவள் ஓமமும் பெருங்காயமும் கொடுத்தனுப்புகிறாள். எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் நான் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன், அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா