குளியலறைக் கைப்பிடியும் உப்புக்காற்றும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டி, பாம்பன், ஏர்வாடிப் பக்கம் முதியோருக்காகக் குளியலறையில் கைப்பிடி பொருத்துவோர் கவனத்துக்கு: குரோம் முலாம் பூசிய இரும்புக் கைப்பிடி கடலோரத்துக்கு உதவவே உதவாது. முலாமின் நுண்துளை வழியே உப்பீரம் புகுந்து உள்ளிரும்பை அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், பிடித்து எழும்போது கையோடு வந்துவிடும். 304 ரக எவர்சில்வரிலும் உப்புப் படிந்து புள்ளிப்புள்ளியாக அரிப்பு விழும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரக எவர்சில்வரே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்குரூவும் அதே ரகமாக இருக்கட்டும்.

கைப்பிடிக் குழாய் 38 முதல் 40 மி.மீ. பருமன், சுவருக்கும் அதற்கும் 50 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஹாலோ பிளாக் (உள்ளே குழியுள்ள சிமெண்ட் கல்) சுவரில், ஸ்குரூவைப் பிடிக்கச் செருகும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. டைல்ஸ் ஒட்டும் முன்பே, கைப்பிடி வரும் இடத்தில் பிளாக்கின் உட்குழிகளைக் கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள். அதற்கு உவர்க்கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. அதன் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஸ்குரூ போன்ற உலோகத்தை அரிக்கும்.

கழிப்பறை இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் மூட்டுவலிக்காரர்கள் எழுவது எளிது.

அரசுக்கு ஒரு கோரிக்கை. கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீடுகளில் கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வரைபடத்திலேயே காட்டுங்கள். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால், தூக்கப் போனவரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

— கட்டுமானப் பணியாளர்கள் சிலர், மண்டபம்