ஆடி முடிவதற்குள் இரண்டே கால் லட்சம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறோம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று உள்ளூரிலேயே ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு பரிசோதனைக் கூடம் அமைக்கிறோம். மொத்தச் செலவு 6,40,000 ரூபாய். வந்தது 4,15,000. துண்டு விழுவது 2,25,000. கருவி விற்பவர் பேசிய விலை ஆடி கடைசி வரைதான்.

கருவி 2,10,000. ஓராண்டுக்கு மருந்துக் கரைசல், ஊசி, சோதனை அட்டை 1,80,000. லேப் டெக்னீஷியன் சம்பளம் மாதம் 15,000 வீதம் 1,80,000. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் 70,000.

“அரசாங்கம்தான் இலவசமா மருந்து கொடுக்குதே?” என்று கேட்கிறார்கள். கொடுக்கிறது, 2004 ஏப்ரலில் இருந்து. எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் சில மருந்துகளைச் சேர்த்துத் தரும் இந்தக் கூட்டு மருந்து வந்த பிறகுதான், இனி தேறமாட்டார் என்று வீட்டார் கைவிட்டவர்கள்கூடப் பேரன் பேத்தி எடுத்தார்கள். வயது ஏறினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு வரும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையும் சேரும். இவையெல்லாம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. போதாததற்கு, கூட்டு மருந்தில் உள்ள டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. ஆரம்பத்தில் வலி எதுவும் தெரியாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று அவ்வப்போது பார்த்துவந்தால் டாக்டர் நேரத்தோடு மருந்தை மாற்றிவிடுவார்.

கல்லீரலைக் கெடுப்பவை ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், சிலருக்குக் காசநோய் மாத்திரை, அப்புறம் குடி. சி கிருமியைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம். பி அப்படியல்ல. அதை அடக்கி வைத்திருப்பதே இந்தக் கூட்டு மருந்துதான். பயந்துபோய்த் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கொதித்தெழும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

கூட்டு மருந்து கொடுக்கும் அரசு மையத்திலும் இந்தப் பரிசோதனைகள் உண்டு. ஆனால் ஒரு நாள் கூலி போகும், தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயம் வேறு. தள்ளிப்போடுகிறார்கள். டயாலிசிஸ் வரை போய்விட்டால் வாரம் இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். காப்பீட்டில் இலவசம்தான், போகிற கூலியை யார் கொடுப்பது?

நம் நகரத்தார் ஐயாக்கள் வரவில் தர்மப் பங்கான மகமையை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைத்தான் தன் பணம் என்றார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன இடத்திலும் தர்மக் கணக்கு தனி. காசியில் சத்திரம் கட்டினார்கள். வள்ளல் அழகப்பர் 1947-ல் கல்லூரி தொடங்கினார்; மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த ஊர்க்காரர்கள்தான் நாம்.

பரிசோதனைக் கூடத்துக்கு வீட்டு முகப்பையும் இரண்டு அறைகளையும் வாடகையில்லாமல் கொடுத்த குடும்பத்தார் பெயர் போடவேண்டாம் என்றார்கள். ஊருக்கே தெரியும், சரி. அறுபதாம் கல்யாணமான சாந்திக் கல்யாணப் பந்திச் செலவைக் குறைத்து 50,000 தந்த அண்ணனுக்கும் ஆச்சிக்கும், பினாங்கில் இருந்து மாதம் தவறாமல் அனுப்பும் அப்பச்சிக்கும், ஒரு நாள் வசூலை அப்படியே கொண்டுவந்து கொட்டிய ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகளுக்கும் கைகூப்பி நன்றி. முறுக்குச் சுற்றி விற்கும் ஓர் ஆச்சி, “தொகைய எழுதாதீங்க” என்றார். எழுதவில்லை. அவர் மாதிரி பத்துப் பேர் இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

“அந்த நோய்க்கா?” என்று இழுத்தவர்களும் உண்டு. சர்க்கரை வந்தவரிடம் எப்படி வந்தது என்று விசாரித்துவிட்டா இன்சுலின் கொடுக்கிறோம்? போன கும்பாபிஷேகத்துக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று சொன்ன பத்தே நாளில் பணம் சேர்ந்தது. இதற்கு நான்கு மாதமாக நடக்கிறோம். அம்பாள் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

பரிசோதனைக்கு வருபவர் பெயர் நன்கொடையாளர் யாருக்கும் காட்டப்படாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவர்களோடு நின்று படம் எடுக்க விரும்புபவர்கள் தயவுசெய்து வேறு தர்மம் பார்க்கவும்.

தருவதாகச் சொல்லி இன்னும் தராதவர்கள் பதினொரு பேர். பட்டியலைச் சுவரில் ஒட்டப்போவதில்லை, ஆனால் ஆடிப் பெருக்கு அன்று வீடு தேடி வருவோம். மற்றவர்கள் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை முகப்பிலேயே பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
குழுவினர்