எங்கள் பைப் தண்ணீரைச் சோதிக்கக் கைகொடுங்கள்

அன்பான ஊரவர்களே, புலம்பெயர்ந்த உறவுகளே,

"தேத்தண்ணியில குளோரின் மணக்குது பிள்ளை, இதைக் குடிக்கலாமோ?" என்று எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி கேட்டார். குடிக்கலாம் என்றுதான் சொன்னோம். குளோரினை நிறுத்தினால் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வீடு தேடி வரும்.

ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இலை குழை உக்கிய சேதனப் பொருள் தண்ணீரில் இருந்தால், குளோரின் அதோடு சேர்ந்து ட்ரைஹலோமீதேன் என்னும் துணைப் பொருட்களை உண்டாக்கும். குளோரோஃபோம் அதில் ஒன்று. வருடக்கணக்காக அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடாது. எங்கள் யாழ்ப்பாணத்துக்கு உப்புக் கவலையும் உண்டு. உவர்க் கிணறுகள் ஒருபக்கம், 2024 முதல் தாளையடியில் நன்னீராக்கும் கடல்நீர் மறுபக்கம். சுத்திகரித்த பிறகும் கடல்நீரிலுள்ள புரோமைட் என்னும் உப்பு கொஞ்சம் மிஞ்சலாம். அப்போது புரோமின் கலந்த துணைப் பொருட்கள் உண்டாகும். குளோரோஃபோமுக்கு உச்ச அளவு லீற்றருக்கு 300 மைக்ரோகிராம் என்று வைத்த உலக சுகாதார நிறுவனம், புரோமின் கலந்தவற்றில் ஒன்றான புரோமோடைகுளோரோமீதேனுக்கு 60 தான் வைத்திருக்கிறது.

இதை மணத்தாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடத்தில் அளந்தால்தான் தெரியும். மாதிரி எடுப்பதே நுணுக்கமான வேலை: சிறிய கண்ணாடிக் குப்பி, மிஞ்சிய குளோரினை அடக்க அதற்குள் கொஞ்சம் மருந்து, பிறகு ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை தண்ணீர். குமிழி இருந்தால் பொருள் அதற்குள் ஆவியாகிவிடும், கணக்குப் பிழைக்கும். அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாரிக்கு முன்னும் பின்னும், சித்திரை வெயிலிலும் எடுக்க நினைத்திருக்கிறோம். வெக்கை கூடினாலும், தண்ணீர் குழாயில் நெடுநேரம் கிடந்தாலும் இந்தத் துணைப் பொருட்கள் கூடும். அதனால் தாங்கிக்குப் பக்கத்திலும், குழாய் முடியும் கடைசி வீட்டிலும் எடுப்போம். குப்பிக்கும் ஆய்வுகூடக் கட்டணத்துக்கும்தான் காசு வேண்டும். 500 ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவும் சோதனை முடிவும், நல்லதோ கெட்டதோ, வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவோம். அளவு கூடினால் நீர்வழங்கல் அதிகாரிகளிடம் எழுத்தில் கொடுப்போம்.

காசு கொடுக்க வசதியில்லையா, பரவாயில்லை. கடைசி வீட்டுக்காரர்கள் முற்றத்துப் பைப்பைத் தாருங்கள். மேல்தாங்கியில் கிடந்த தண்ணீர் சரிவராது, தெருக்குழாயிலிருந்து நேரே வருவதுதான் வேண்டும்.

குடிநீர்ச் சோதனைக் குழு
யாழ்ப்பாணம்