கணக்கறிக்கைக்கு முன்: மட்டக்களப்பு ஆலய நிர்வாக சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பின் கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆலயங்களிலும் ஏனைய சபைகளிலும் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

உங்கள் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பின்கதிரையில் இருந்து பல தடவை பார்த்திருக்கிறேன். ஜெபம், போன கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, அப்புறம் கூரைத் தகடு, சவுண்ட் சிஸ்டம், திருவிழா. எல்லாம் தேவைதான். மாரியில் கூரை ஒழுகினால் யாருக்குப் பக்தி வரும்? ஆனால் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் ஏன் இப்போது வருவதில்லை என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. அந்தக் குடும்பத்தின் பெயர் வந்தால், சந்தா நிலுவைப் பட்டியலில்தான் வரும்.

எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த குழுக்கடனில் அவரும் ஒருவர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அவள் பங்கையும் போட்டுக் கட்ட வேண்டும், அதுதான் அந்தக் கடனின் விதி. கணவர் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் தவணை தவறிவிட்டது. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வருபவர் மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். இவர் கதவைச் சாத்திவிட்டு, சின்னவனின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே இருப்பார். சரி, அது செவ்வாய். ஞாயிறு பூசைக்கு ஏன் வருவதில்லை? அந்த நால்வரில் மூவர் அதே ஆலயத்தில், பெண்கள் பக்கத்தில், இரண்டு வாங்கு தள்ளித்தான் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்று சுவாமி சொல்லும்போது இவர் எந்த முகத்தோடு திரும்பிக் கைகூப்புவது?

மற்ற மூவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் தங்கள் வீட்டுக் கறிக்காசில் இருந்துதான் இவர் பங்கைக் கட்டினார்கள். இப்படியான நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று அரசு 2018இல் வரையறை வைத்தது. உச்சவரம்பே அவ்வளவு என்றால், அதற்கு முன் இருந்த நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே நற்கருணையை வாங்குகிற நாலு பெண்களைக் கடன்காரிகளாகவும் ஒளிபவளாகவும் பிரித்துவைக்க ஒரு குழுக்கடன் போதுமாக இருந்திருக்கிறது. இந்த விசயம் ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆலயத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை ஒருதடவை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகளை அன்றாடப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. உடனே திருத்தூதர்கள் சீடர்களைக் கூப்பிட்டு, ஸ்தேவான் உட்பட ஏழு பேரைத் தெரிவு செய்ய வைத்தார்கள். நிர்வாகக் குழு என்று நாம் இன்று சொல்லும் ஏற்பாட்டின் தொடக்கம் அங்கேதான். விதவைகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஏழு பேரின் வேலை. நம் கல்யாணப் பூசைகளில் அழகாக வாசிக்கிற அன்பைப் பற்றிய அதிகாரமும், பவுல் பொண்ணு மாப்பிள்ளைக்கு எழுதியதல்ல. கட்சி கட்டிச் சண்டை பிடித்த, ஆண்டவரின் பந்தியில் சிலர் வயிறுமுட்டத் தின்ன மற்றவர்கள் பசியோடு இருந்த கொரிந்து சபைக்கு எழுதியது. அதை நிர்வாகக் கூட்டத்தில் வாசிப்பதுதான் பொருத்தம் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, நம் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலரும் இறந்த அன்று, அடிபட்டவர்கள் எந்தச் சபை என்று நம்மில் யார் கேட்டோம்? அதற்குப் பிறகு பழையபடி "அது அல்லேலூயாக் கூட்டம்", "இது சிலை கும்பிடுகிற கூட்டம்" என்ற பேச்சுக்குத் திரும்பிவிட்டோம். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைகளுக்குப் போகாதே என்ற பேச்சும் நம் முற்றங்களிலேயே நடந்தது. அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி சஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் முறையிட்டவர்களில் அந்த ஊர் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்?

ஆகையால் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த கூட்டத்தில் கணக்கறிக்கைக்கு முன், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். தெரியாத வீட்டுக்கு இரண்டு பேர் போகட்டும். சந்தாக் கொப்பியைக் கொண்டுபோக வேண்டாம். புத்திமதியும் வேண்டாம், தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டுச் சொல்வதைக் கேளுங்கள். கடன் பிணக்கு என்றால் அந்த ஐந்து பேரையும் ஒரு மேசையில் இருத்தி, யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, மாதம் மாதமாக அடைக்க வழி பாருங்கள். குறைகிற காசைத் திருவிழாக் கணக்கில் இருந்து எடுங்கள். அந்த ஐவரில் ஒருத்தி பக்கத்துச் சபைக்காரியாக இருந்தால் அவர்களின் பாஸ்டரையும் கூப்பிடுங்கள், முஸ்லிம் பெண்ணாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

கொடியேற்றத்துக்கு முந்திய கூட்டத்திலேயே இதை எடுத்தால் நல்லது. பிந்தினால் லைட்காரருக்கும் பாண்ட்காரருக்கும் முற்பணம் போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் சபையொன்றின் சாதாரண அங்கத்தவர்