தவறிய வக்தும் அடுத்த பாங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ரமழானில் எங்கள் பள்ளிவாசலில் இரவு இஷாத் தொழுகைக்கு ஏழு ஸஃப் (வரிசை) நின்றது. நேற்று இரவு ஒன்றரை ஸஃப். ஆண்டுதோறும் ரமழானை அடுத்த ஷவ்வால் மாதத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழும். பெரும்பாலும் இளைஞர்களைக் கடிந்துதான் பேசுவார்கள். நானும் அப்படிப் பேசியவன். அதனால் நேர்ந்த ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, இதே நாட்களில், எங்கள் தெருப் பையன் ஒருவன் பிற்பகல் அஸர் தொழுகைக்கு வந்தான். வயது 19 இருக்கும். மாதக்கணக்காகப் பள்ளிப் பக்கம் காணாதவன். ஹவுழ் என்ற தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்து, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் வுழூச் செய்துகொண்டிருந்தான். "என்ன தம்பி, வழி தவறி வந்துவிட்டாயா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. இடது காலைக் கரண்டை வரை தேய்த்துக் கழுவி முடித்தான். கடைசி ஸஃபில் நின்று தொழுதான். ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விட்டான். அதன் பிறகு என் தையற்கடை வரும் இடத்தில் மட்டும் தெருவைக் கடந்து மறுபுறமாக நடப்பான்.

அவனிடம் அப்படிக் கேட்க எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பதினொரு ஆண்டுகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவையும் பெருநாளையும் தவிர வேறு தொழுகை இல்லாமல் இருந்தவன் நான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி முஸ்லிம்களான நாங்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது 21. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் உம்மாவையும் தங்கைகளையும் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு தையற்கடைக்கு வேலைக்குப் போனேன். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இரவு ஒரு மணிக்குப் படுத்தால் வைகறை ஸுபஹ் தொழுகை எப்படிக் கிடைக்கும்? ஈமான் போய்விடவில்லை. ஸுபஹ் தவறிவிட்டால், "இன்றைய நாள் கெட்டுவிட்டது, நாளை ஸுபஹிலிருந்து ஒழுங்காகத் தொடங்குவோம்" என்று மனது சொல்லும். நண்பகல் லுஹரையும் அஸரையும் அந்தக் கணக்கிலேயே விட்டுவிடுவேன். 'நாளை' பின்னர் 'வெள்ளிக்கிழமை' ஆகியது. வெள்ளிக்கிழமை 'வரும் நோன்பு' ஆகியது. தொழுகையை விட்டுவிட்டேன் என்று ஒருநாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. தொடங்கப் போகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2002இல் யுத்த நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும் வீட்டைப் பார்க்க வந்தோம். சோனகத்தெருவில் சுவர்கள் மட்டும் நின்றன. கூரையில்லாத பள்ளிவாசலின் தரையில் பற்றையை விலக்கி, எட்டுப் பேர் லுஹர் தொழுதோம். ஸுஜூதில் அழுதேன். இனி ஒரு வக்தும் (வேளைத் தொழுகையும்) விடமாட்டேன் என்று அங்கேயே நிய்யத்து வைத்தேன். மறுநாள் கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில் ஸுபஹ் போயிற்று. அதோடு அன்றைய நாளும் போயிற்று, அந்த வாரமும் போயிற்று. அழுகையால் பழக்கம் வருவதில்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

பழக்கம் வந்தது சோற்று நேரத்தில். பகல் சாப்பாட்டுக்கு எப்படியும் மெஷினை விட்டு எழும்ப வேண்டும், எப்படியும் கை கழுவ வேண்டும். அளவு குறிக்கிற சோக்கின் நீலம் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவுகிற இடத்திலேயே வுழூவையும் முடித்துவிட்டு, தொழுத பிறகுதான் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பசி என்னைப் பள்ளிக்கு இழுத்தது என்றால் அதில் வெட்கம் இல்லை. லுஹர் ஒன்று நிலைத்தது. ஐந்தும் கடமை, ஒன்றோடு நிற்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லுஹர் தொழுதவனுக்கு அஸர் பாங்கு (தொழுகை அழைப்பு) வேறு விதமாகக் கேட்கிறது.

கடைக்காரனுக்கு அஸர்தான் கடினம். மூன்றரை மணிக்குத்தான் சட்டை கேட்டு ஆள் வந்து நிற்பார். பாங்கு கேட்டதும் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு எழும்புவேன். ஊசி மேலே நின்றால் துணி நழுவிவிடும், திரும்பி வந்து தைக்கும்போது தையல் விலகும். உள்ளே நின்றால் காலர் அசையாது. பதினைந்து நிமிடம் கழித்து வந்து விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். இப்போது யாழ்ப்பாணத்தில் என் பக்கத்துக் கடைக்காரர் ஒரு சைவப் பெரியவர். "பாங்கு சொல்லியாயிற்று தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவரே குரல் கொடுப்பார். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மாலையில் அவருடைய கல்லாவை நான் பார்ப்பேன்.

ஸுபஹ் நிலைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2010இல் ஊர் திரும்பிய பிறகு, பின்வீதியில் இருந்த ஒரு முதியவர் பள்ளிக்குப் போகும் வழியில் என் படலையில் டோர்ச்சால் இரண்டு தரம் தட்டிவிட்டுப் போவார். கூப்பிட மாட்டார், நிற்கவும் மாட்டார். இரண்டு தட்டு, அவ்வளவுதான். எழும்பாத நாட்களில் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அவர் மௌத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கப்ரில் அல்லாஹ் அவருக்கு ஒளி கொடுப்பானாக.

உம்மாவும் கேட்டதில்லை. லீவில் புத்தளம் போகும்போது அந்தி மஃரிபுத் தொழுகைக்குத் தன் பாயை விரித்துவிட்டு, அதற்குச் சற்று முன்னால் என்னுடைய சாரம் ஒன்றையும் விரித்து வைப்பார். நான் வெளியே போய் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். தொழுகை முடிந்ததும் அந்தச் சாரத்தை நாலாக மடித்துக் கொடியில் போடுவார். பதினொரு ஆண்டுகள் அப்படிச் செய்தார். அந்த உம்மாவின் மகன்தான் ஹவுழடியில் அந்தப் பையனைக் கேட்டான்.

"எளிதாக்குங்கள், கடினமாக்காதீர்கள், நற்செய்தி சொல்லுங்கள், வெறுப்பூட்டி விரட்டாதீர்கள்" என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஒரு தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் அதைத் தொழட்டும், அதற்கு வேறு பரிகாரம் இல்லை என்பதையும் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். நினைவு வந்ததும் என்றார்கள். நாளை முதல் என்று சொல்லவில்லை. ஸுபஹ் தவறியவனுக்கு லுஹருக்குப் பள்ளிக்கதவு திறந்தே இருக்கிறது. இதை எனக்கு இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பதினொரு ஆண்டுகளில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். இளைஞர்களைக் கடிகிற நேரத்தில் இதைச் சொல்லுங்கள் என்று ஜும்ஆப் பிரசங்கம் செய்யும் மௌலவிமாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தனியார் கல்வி நிலையங்களை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். மாலை வகுப்புகள் மஃரிபை விழுங்கிவிடுகின்றன. ஐந்து வக்துகளிலும் அவகாசம் குறைந்தது அதுதான். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. நவம்பரில் ஆறு மணிக்கு முன்னரே வந்துவிடும், ஜூலையில் ஆறரையைத் தாண்டும். எனவே மணிக்கூட்டு நேரம் ஒன்றைக் குறித்துவிட்டால் போதாது. மாதத்துக்கு மாதம் பார்க்க வேண்டும். கடமையான பர்ளு மூன்று ரக்அத்துக்கு ஐந்து நிமிடம், வுழூவோடு பத்து. ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு மூலையும் இருந்தால் போதும். கேட்கக் கூச்சப்பட்டுப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியரே முதலில் சொல்லிவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

சென்ற பெருநாளன்று அந்தப் பையன் வேலை செய்யும் இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை காக்கா" என்றான், முகத்தைப் பார்க்காமல். இப்போது ஸுபஹுக்குப் போகையில் அவனுடைய படலையில் டோர்ச்சால் இரண்டு தரம் தட்டுகிறேன். சில நாள் உள்ளே விளக்கு எரியும், சில நாள் எரியாது. எரியாத நாளில் பகலில் கண்டால் ஸுபஹைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. லுஹருக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்பேன்.

ஐந்துசந்தித் தையற்காரர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.