டொபமைனும் அப்பாவின் குளிசையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், போனை ஒதுக்கி வைத்து "டொபமைனைக் குறைத்தால் மனம் தெளியும்" என்று எழுதியிருந்தீர்கள். டொபமைன் என்பது மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இரசாயனம். எங்கள் வீட்டில் அதை முதலில் வாசித்தவர் அப்பா. அவருக்குப் பார்க்கின்சன் நோய். அன்று மத்தியானக் குளிசையைப் போடாமல் விட்டுவிட்டார். பின்னேரம் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. தேத்தண்ணியைக்கூட நான்தான் பருக்கினேன்.

நடுமூளையில் டொபமைன் சுரக்கும் கலங்கள் அழிவதால்தான் இந்த நோயில் உடம்பு இறுகிப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நரம்புக் கலம் விடும் டொபமைன் சிறு இடைவெளியைக் கடந்து அடுத்த கலத்தின் வாங்கியில் ஒட்டுகிறது. ஒருவகை வாங்கி கலத்தைத் தூண்டும், இன்னொன்று அடக்கும். இரண்டும் ஒழுங்காக நடந்தால்தான் நினைத்தபடி கை காலை அசைக்கலாம். டொபமைனைக் குறைத்தால் என்ன ஆகும்? சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற ஆய்வாளர் செய்து பார்த்தார். சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தால் முயல்களின் மூளையில் டொபமைனை வற்றவைத்தார். அவை அசையாமல் கிடந்தன. மூளையில் டொபமைனாக மாறும் லெவோடோபாவை ஏற்றியதும் எழும்பி நடமாடின. 1957இல் வெளிவந்த ஆய்வு அது. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அப்பா போடுவதும் அதே லெவோடோபாதான்.

போனை ஒதுக்கி வைப்பது நல்லது என்றால் அதை அப்படியே சொல்லியிருக்கலாமே.

இது முதல் தடவையும் அல்ல. வாழைப்பழத்தில் செரட்டோனின் என்ற இன்னொரு மூளை இரசாயனம் இருக்கிறது, சாப்பிட்டால் மனச்சோர்வு போகும் என்று முன்பு எழுதினீர்கள். பழத்தில் உள்ள செரட்டோனின் மூளைக்குள் போகாது என்று அப்போதே கடிதம் போட்டேன். பதில் இல்லை.

கிளினிக்கில் சிங்களத்தில் சொல்வது அப்பாவுக்குப் பாதிதான் விளங்கும். குளிசைப் பெட்டிக்குள் இருக்கும் துண்டு ஆங்கிலத்தில். தமிழில் அவர் நம்பி வாசிப்பது, நான் பிறக்க முதலே வாங்கிவரும் உங்கள் பத்திரிகை ஒன்றைத்தான். அந்த நம்பிக்கைக்கு இதுவா மரியாதை? புரதம் கூடிய சாப்பாட்டோடு லெவோடோபா போட்டால் சிலருக்குச் சரியாக வேலை செய்யாது. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எழுத வேண்டியவை இவைதான்.

வேறொன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், வைத்தியரைக் கேட்காமல் பார்க்கின்சன் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, வெள்ளவத்தை