பிள்ளை கத்தி ஓய்ந்த பிறகு கேட்டுப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டிப்பு, பரிசு, தண்டனை எல்லாம் இருந்தது, பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும் இல்லை.

என் மகனுக்கு 8 வயதில் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாலே நோட்டு பறக்கும், பென்சிலை ஒடித்துப் போடுவான். திட்டினேன், டிவியை நிறுத்தினேன், ஸ்டிக்கர் தருவதாக ஆசை காட்டினேன், ஒருமுறை அடித்தும் விட்டேன் (இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது). ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் ராஸ் கிரீன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லும் வழி தெரியவந்தது. முடிந்தால் பிள்ளை நன்றாகத்தான் நடந்துகொள்ளும், நடக்கவில்லை என்றால் ஏமாற்றத்தைத் தாங்குவது, நினைத்தது நடக்காதபோது வேறு வழி யோசிப்பது போன்ற ஏதோ ஒரு திறன் இன்னும் கைகூடவில்லை, அது தண்டித்து வருவதில்லை என்கிறார் அவர்.

ஒரு விடுமுறை நாளில் அவன் தரையில் கார் உருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதும்போது ரொம்பக் கஷ்டப்படுற மாதிரி தெரியுதே, என்னப்பா?" என்றேன். "தெரியல." நான் பேசாமல் இருந்தேன். காரின் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தவன், "சொல்ல வேண்டியது தலைக்குள்ள இருக்கும்மா, ரெண்டு வார்த்தை எழுதுறதுக்குள்ள மீதி மறந்துடுது" என்றான். சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே!

எழுதிப் பழகாவிட்டால் பின்னால் சிரமப்படுவாயே என்று என் கவலையையும் சொன்னேன். ரெண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "நான் சொல்றேன், நீ எழுதி வை, அதைப் பார்த்து நான் எழுதுறேன்" என்றான். ஒரு வாரம் ஓடியது, அப்புறம் பார்த்து எழுதுவதும் பாரமாகி மறுபடி நோட்டு பறந்தது. மறுபடி உட்கார்ந்து பேசி, வரிக்கு ஒரு முக்கிய வார்த்தையை மட்டும் நான் குறித்துத் தருவது என்று மாற்றினோம், அது நிலைத்தது.

கத்திக்கொண்டிருக்கும்போது கேட்டால் பதில் வராது, அந்த நேரத்தில் பிள்ளையால் யோசிக்க முடியாது. அதேபோல எல்லாப் பிரச்சினையையும் ஒரே நேரத்தில் தூக்கவும் முடியாது. அறையை ஒழுங்காக வைப்பதைப் பற்றி நான் பல மாதம் பேசவே இல்லை, விட்டுக்கொடுத்துக் கெடுக்கிறேன் என்றார்கள் வீட்டில். ஒன்றைச் சரிசெய்யத்தான் மற்றதைத் தள்ளிவைத்தேன்.

வகுப்பில் இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பேச நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் ஒரே பிள்ளையை ஒரே காரணத்துக்காகத் தினமும் வெளியே நிற்க வைப்பதற்கும் நேரம் போகத்தானே செய்கிறது? இப்படிப் பேசிப் பார்த்த ஆசிரியர்களின் அனுபவங்களைக் கேட்டு வாங்கி, வரும் இதழ்களில் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி